அரசாங்கச் சத்து

முக்கூடலில் பஸ் இறங்கி
வாய்க்கால் பாலம் தாண்டும்போதே
புகையிலைத் தூள் தும்ம வைக்கும்.
என் பையில் துறை தந்த படப்புத்தகம்.
ஏழாம் பக்கத்தில் ஆப்பிள், மாதுளை,
வழவழவென்று ஒரு துண்டு ஈரல்,
சிரிக்கிற ஒரு தாய்.
அவள் மடியில் சுளகு இல்லை.

அந்தத் தெருவில் எல்லார் மடியிலும் சுளகு.
நான் பேசுவேன், ஒரு தலையும் நிமிராது.
விரல்கள் மட்டும்
இலையைச் சுருட்டும், நுனியை மடக்கும்,
நூலைச் சுற்றி அறுக்கும்.
"ஆப்பிள் கிலோ என்ன வெலக்கா?"
ஆவுடைத்தங்கம் ஒருமுறை கேட்டாள்.
சொன்னேன்.
"அது எத்தன கட்டு வரும்?"
உதடு அசைய எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டு
எட்டாம் பக்கத்துக்குப் போனேன்.

மாத்திரை அட்டைகளை மட்டும்
கேட்குமுன்னே எடுத்துக் காட்டுவார்கள்,
காலியாக, குழிகுழியாக.
பதிவேட்டில் டிக் போடுவேன்.
விரலில் குத்திப் பார்த்தால்
ஏழு புள்ளி எட்டு.
போன மாதமும் அதேதான்.
கருவி பொய் சொல்லுகிறதோ என்று
என் விரலிலும் ஒருதரம் குத்திக்கொண்டேன்.

பங்குனி வெயில், மத்தியானம்.
பிரம்மசக்தி வீட்டுப் பின்கட்டில்
கை கழுவப் போனவள் அப்படியே நின்றேன்.
கழிவுநீர் ஓரம் ஒரு கருவேப்பிலை,
கரும்பச்சையாய், என்னைவிட ஒரு சாண் உசரம்.
தூரில் சிவப்பு சிவப்பாய்
கரைந்தும் கரையாமலும்
என் மூன்று மாத வேலை.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
படப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.
"சரி, இதுக்காவது ரத்தம் ஊறட்டும்"
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
பிரம்மசக்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
என்னவென்று கேட்டு வந்த மைதீன் பாத்துவும் சிரித்தாள்,
தெருவே சிரித்தது
தூள் பறந்து இருமல் வரும்வரை.

அன்றைக்குத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டுத்
தரையில் உட்கார்ந்தேன்.
கத்தரியும் அளவுத் தகரமும் வாங்கி
இலை வெட்டினேன், எல்லாம் கோணல்.
அவர்கள் பேசினார்கள்.

காலையில் வெறும் வயித்துல போட்டா
கொடலப் பெரட்டுதுக்கா.
பெரட்டுன அன்னைக்கு இருநூறு பீடி கொறையும்.
வெளிக்கு வேற கறுப்பாப் போவுது,
வயித்துல கெடக்க பிள்ளைக்கும்
அந்தக் கறுப்பு ஏறிராதா?

யாரும் கேட்டதில்லையே என்று
நினைத்துக்கொண்டே வெட்டினேன்.
மூன்று மாதமாய் எங்கே கேட்பார்கள்,
பக்கம் பக்கமாய் நான் பேசிக்கொண்டிருக்க.

அடுத்த வாரம் வெறுங்கையோடு போனேன்.
கடைசிக் கட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை.
சோறு, முருங்கைக்கீரை, கிடைத்தால் ரெண்டு சாளை.
கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை.
டீ அப்போது வேண்டாம்.
இருபத்தைந்து பீடி சுற்றுமுன்
முடிந்துவிடுகிற பேச்சு.

பிறகொரு சனிக்கிழமை, பீடிக்கடை வாசல்.
தட்டும் பாஸ்புத்தகமுமாய் நிற்கிற வரிசையில்
பிரம்மசக்தி யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்:
"கோட்டிக்காரி, பிள்ள எங்கட்டீ கறுக்கும்?
கறுக்கது பீதாம்லா!
ராத்திரி தின்னுட்டுப் போட்டுப் பாரு.
கூட டீயக் குடிச்சேன்னு வையி,
சத்தெல்லாம் டீக்குத்தான் ஒட்டும்,
ஒனக்கு ஒட்டாது."
என் வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை.
மின்கம்பத்துக்குப் பின்னால் நின்று
மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஆவுடைத்தங்கம் பத்துப் புள்ளி ஒன்று.
மைதீன் பாத்து ஒன்பது புள்ளி நாலு.
பிரம்மசக்தி கிளம்பும்போதெல்லாம்
ஒரு கொத்து ஒடித்துப் பையில் திணிக்கிறாள்:
"வச்சுக்கோங்கக்கா, அரசாங்கச் சத்து."

முப்பிடாதி மட்டும் இன்னும்
விரலை நீட்டவில்லை.
அவள் பேருக்கு நேரே கட்டம் காலி.
அவள் வீட்டு வேலியோரம் ஒரு செவ்வரளி
இந்த மாதம் அதிகமாய்ப் பூத்திருக்கிறது.