சட்டைப்பையில் காந்தம்

போர்ட் எலிசபெத், நார்த் எண்ட்.
காற்று விடாத தெருவில் கடை.
ஐம்பத்தொரு வயதில் எனக்குப் புது வேலை;
முதலாளி ரியானுக்கு இருபத்தொன்பது.
ஸ்பேர் பார்ட்ஸ் கௌண்டரில் இருபத்தாறு வருஷம்
பிஸ்டன் வளையம் எண்ணிக் கொடுத்தவன் நான்.
சாமான் தெரியும். விற்கத் தெரியாது.

முதல் மாதமே நாற்பதாயிரம் ராண்ட் தொலைத்தேன்.
வெளிறிய பச்சையில் ஒரு செவர்லே.
ஞாயிறு முழுக்கக் குந்தி உட்கார்ந்து
பாலிஷ் போட்டு, உரிந்த இடத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்து
மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்தேன்.
ப்ளூம்ஃபான்டைனிலிருந்து வந்தவர்
ஒரு சுற்றுச் சுற்றினார்.
"யார் செய்தது இதை?" என்றார்,
கொலை விழுந்த வீட்டில் கேட்கிற குரலில்.

புதுசு மாதிரி என்று இவர்களிடம் சொல்லக் கூடாது.
கதவை நான் திறக்கக் கூடாது.
அவரே திறக்கட்டும். அந்த முதல் மூச்சு அவருடையது:
பழைய தோல், பெட்ரோல்,
எவனோ எப்போதோ பிடித்த சிகரெட்.
அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

காந்தம் பிறகு வந்தது.
தானமாய் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது;
விலைக்கு வந்த வண்டியை
மல்லாந்து படுத்து, அடிவயிறு வரை தடவலாம்.
நல்ல தகடு டக்கென்று பிடித்துக்கொள்ளும்.
பட்டி பூசி மறைத்த துருவோ
காந்தத்தை என் கையிலேயே திருப்பிப் போடும்.
உப்புக் காற்று ஊரில்
பொய் சொல்லாத வண்டி குறைவு.

ஆகஸ்டில் கமலவேணி கூப்பிட்டாள், மலபாரிலிருந்து.
கேரளத்து மலபார் இல்லை.
இந்தியர்கள் இங்கே இருங்கள் என்று
அன்றைய அரசாங்கம் கோடு கிழித்துக் கொடுத்த பேட்டை.
"அப்பாவுடைய ஆஸ்டின். கராஜை வாடகைக்கு விடப் போறேன்.
தரையெல்லாம் எண்ணெய். எடுத்துட்டுப் போ, லோகன்."
அழவில்லை. டீகூடக் கொடுக்கவில்லை.

1962 கேம்பிரிட்ஜ்.
எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பொருந்தின.
காந்தம் எங்கேயும் வழுக்கவில்லை.
கூரையில் மட்டும் குறுக்கே நான்கு கீறல்.
டாஷ்போர்டுப் பெட்டிக்குள் சர்வீஸ் புத்தகம்.
ஆ. படையாச்சி, ருடால்ஃப் தெரு, சவுத் எண்ட்.
அதன்மேல் ஒரே கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது.
கீழே அதே நீல மையில், மலபார்.

பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும் மைல் எழுதிய மனிதர்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன், கௌண்டர்ப் புத்தி.
கோடு விழுந்த அந்த மாதம் மட்டும்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மைல் கூடுதல்.
போக வரப் பன்னிரண்டு.
பதினாறு நடை.

வாங்க வந்தவர் ட்ரெயர், ஸ்டெல்லன்பாஷ் திராட்சைத் தோட்டக்காரர்.
கூரையை உள்ளங்கையால் தடவினார்.
"இந்தக் கீறல்?"
"சாமான் கட்டிய கயிறு."
"என்ன சாமான்?"
"வீடு" என்றேன்.

அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டது
கற்றுக்கொண்ட வித்தை இல்லை.
ஆனால் வித்தை மாதிரியே வேலை செய்தது.
புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்.
அந்தக் கோட்டின்மேல் விரல் படாமல் மூடினார்.
கேட்டதற்கு மேல் பதினெட்டாயிரம் எழுதினார்,
புத்தகமும் சேர்த்து என்று.

போனில் சொன்னேன். கமலவேணி கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எத்தனை நடைன்னு சொன்னே?"
"பதினாறு."
"அப்போ நடைக்கு ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு" என்றாள்.
"அன்னைக்குப் பெட்ரோல் காசுகூட எவனும் கொடுக்கல."
வைத்துவிட்டாள்.

எனக்குக் கமிஷன் பத்து சதவீதம்.
ஒன்றரை நடைக்குக் கொஞ்சம் மேலே.
கட்டிலா, ஆட்டுக்கல்லா, எது என் பங்குக்கு வந்ததென்று
லாரியில் ஆஸ்டின் ஏறுகிறவரை யோசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் க்ராடாக்கிலிருந்து ஒரு வாலியன்ட் வருகிறது.
உள்நாட்டு வண்டி, துருவே கிடையாது என்கிறார்கள்.
பார்க்கலாம்.