புதன்கிழமை வரை செல்லும் வழி

செனாதா,
நாளைக்கு உனக்கு விடுமுறை. பிளெட் ஏரிக்கு விடுமுறை இல்லை.
அந்தப் பக்கமே போகாதே.
தீவுக்குப் போய் மணி அடிக்க நிற்கிற வரிசை
காலை எட்டுக்கே படகுத்துறையைத் தாண்டிவிடும்.
ஒரு துண்டு கிரீம் கேக்கின் விலையில்
நாம் இரண்டு பேர் இரண்டு நாள் ரொட்டி தின்னலாம்.
அவர்கள் புரண்ட விரிப்புகளை
வாரம் ஆறு நாள் துவைக்கிறோம்;
ஏழாவது நாளும் அவர்கள் முகத்திலா விழிப்பது?

ஆறரை ரயிலைப் பிடி.
மலையைக் குடைந்து போகிற கிழட்டு ரயில்.
இடப்பக்கம் உட்கார்.
மூன்றாவது நிறுத்தம். பெயர்ப்பலகை கிடையாது,
பலகை இருந்த கம்பம் மட்டும்.
பரிசோதகர் போகோமிர் தும்மினால்
இறங்கு என்று அர்த்தம்.
சும்மா சொன்னேன். ஆனால் அந்த இடத்தில் அவர் தும்முவார்தான்,
அறுத்த புல்லின் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

எடுத்துப்போக: கறுப்பு ரொட்டி, மத்தி மீன் டப்பா, ஒரு வெங்காயம்.
டப்பா திறக்கிற கத்தியை மறக்காதே.
நான் ஒருமுறை கல்லால் உடைத்துத் தின்றேன்,
தழும்பு இதோ.
தண்ணீர் வேண்டாம். தண்ணீரிடம்தானே போகிறாய்.
நீச்சல் உடை இல்லையென்றால் போகட்டும்;
பார்க்க மாடுகள்தான் இருக்கும்,
அவை எல்லாவற்றையும் பார்த்து முடித்தவை.

இறங்கியதும் நேரே நட.
நீலச் சட்டைகள் ஏழெட்டுக் காய்கிற வீட்டில்
வலப்புறம் திரும்பு.
அப்புறம் திராகோவின் சிவப்பு டிராக்டர்.
முன்சக்கரம் எந்தப் பக்கம் ஒடித்து நிற்கிறதோ
அந்தப் பக்கம்.
பிறகு புல்போர் மூன்று.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
ஓர் ஆள் நுழையலாம்.
அங்கிருந்து காதை நம்பிப் போ.

ஆறு அந்த இடத்தில்
ஒரு பாறையை முழங்கையால் இடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்பதுபோல் சற்று நிற்கும்.
அதுதான் மடு. இடுப்பளவு, நடுவில் கழுத்தளவு.
பச்சை என்பார்கள். எனக்கு அது
சோப்புப் படாத தண்ணீரின் நிறம்.
குளிர் முதலில் கணுக்காலைக் கடிக்கும்,
அப்புறம் உன் பெயரே உனக்கு மறந்துபோகும்.
பதினொன்று வரை எண்ணு.
பத்தில் ஓடிவந்தவர்கள் யாரும் மறுபடி இறங்கியதில்லை.

(பனிக்காலத்துக்கு வேறு கணக்கு:
விரிசல் விட்ட சலவைத் தொட்டி ஒன்று
மாடிப்படிக்கு அடியில் ஒளித்திருக்கிறேன்.
சரிவில் உட்கார்ந்து காலைத் தூக்கினால் போதும்.
பிரேக் கிடையாது. அதை அப்போது பேசலாம்.)

சிரிக்கிறாய்.
இது என்ன வழி, சட்டையும் டிராக்டரும்?
போனில் ஒரு புள்ளி அனுப்பினால் ஆகாதா?

அனுப்பினேன், செனாதா.
நான்கு கோடைக்கு முன்னால், இதைவிட நல்ல மடு.
இருநூற்றுப் பதினான்காம் அறையில் ஒரு ஜோடி.
தலையணைக்கு அடியில் சாக்லேட்டும்
நன்றி என்று எழுதிய தாளும் வைத்தவர்கள்.
மனசு கேட்கவில்லை. புள்ளியைக் குத்திக் கொடுத்தேன்.
அடுத்த ஆண்டு அங்கே
கார் நிறுத்த மணிக்கு நான்கு யூரோ,
ஐஸ்கிரீம் வண்டி, காற்றடைத்த பிளாஸ்டிக் அன்னம்.
என் அக்கா மகன் டீலென்தான் இப்போது அங்கே சீட்டுக் கிழிக்கிறான்.
சம்பளம் மோசமில்லை என்கிறான்.
அவனிடம் நான் என்ன சொல்ல?

அதனால்தான் நகர்கிற பொருள்களை வைத்து வழி சொல்கிறேன்.
புதன்கிழமை திராகோ டிராக்டரை எடுத்துவிடுவான்.
மழைக்கு முன் புல்லைக் கொட்டகைக்குள் கொண்டுபோவார்கள்.
சட்டைகள் காய்ந்துவிடும்.
இந்த வழி அதோடு தீர்ந்தது.

கடைசி ரயில் ஏழு இருபது.
தவறவிட்டால் நிலையத்துக்குப் பின்னால் பிளம் மரம்;
அரசாங்க மரம், யாரும் கேட்கமாட்டார்கள்.
படம் எடுக்கலாம். எடு.
எங்கே இது என்று யாராவது கேட்டால்
தலையைத் துவட்டிக்கொண்டே சொல்,
துவைக்கிற இடத்தில் என்று.