பதினேழு சதவீதம்

பந்தலடியில் ஜெராக்ஸ் கடை மாடி.
வக்கீல் நிலோபர், கூத்தாநல்லூர்க்காரர்,
என்னைவிட எட்டு வயது இளையவர்.
முதல் நாள் ஒரு மணி நேரம் அழுதேன்.
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
பிறகு கேட்டார்:
"கல்யாணப் பத்திரிகை இருக்கா?"

சுருக்கென்றது.
பதினோரு வருஷத்தைக் கொட்டியிருக்கிறேன்,
இவள் பத்திரிகை கேட்கிறாள்.

நள்ளிரவு தாண்டிக் குரல் செய்தி அனுப்புவேன்.
ஒன்று, நான்கு, ஒருமுறை ஒன்பது.
நாத்தனார் சிரித்தது,
அவர் தள்ளிய தட்டு சுவரில் மோதிச் சுழன்று
அடங்க எவ்வளவு நேரமானது என்பது.
காலை பத்தரைக்கு ஒரு வரி வரும்:
"இது எந்தத் தேதி?"

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
மழையில் நனைந்த மூட்டையோடு வருகிறவர்கள்
வட்டியைச் சொல்வார்கள்,
மகள் வளைகாப்பைச் சொல்வார்கள்.
எல்லாம் நிஜம்.
நான் ஒரு கைப்பிடியைக் கருவியில் போட்டு
எண்ணைப் பார்ப்பேன்.
பதினேழைத் தாண்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க."
அந்த எண்ணை நானா வைத்தேன்?

ஒருவர் தார்ப்பாயை உதறியபடி சொன்னார்:
"உங்ககிட்ட கதை எதுக்கு,
மெஷினுக்குக் காது இல்லயே."

அன்று மாலை நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
தேதி, நடந்தது, யார் பார்த்தது,
ரசீது உண்டா.
அழுவதற்கு மல்லிகேஸ்வரியைப் பிடித்துக்கொண்டேன்.
அவளுக்கு வக்காலத்து வேண்டாம், காபி போதும்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை:
இருவர் பேரிலும் இருந்த கணக்கில்
அறுபதாயிரம் எடுத்துத்
தம்பியின் போர்செட்டுக்குக் கொடுத்ததை.

மூன்றாம் வாய்தாவில்
எதிர்த்தரப்பு பாஸ்புக் நகலை நீட்டியது.
நிலோபரின் பேனா நின்றது.
என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"எடுத்தது பெரிய தப்பில்லக்கா.
அதை அவங்க சொல்லி நான் கேட்டேன் பாருங்க."

ஊர் திரும்பும் பஸ்
பாமணி ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டது.
புதுத்தண்ணீர் வந்திருந்தது,
செத்தையும் செருப்புமாக.
எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.
நான் மடியில் நோட்டை வைத்து
அறுபதாயிரத்தை எழுதினேன்.
இப்போதெல்லாம்
எனக்கு எதிரானதைத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வாரம் அவர் விரல் ஒரு பதிவில் நின்றது.
'2015 கார்த்திகை. தெருவில் முழங்கால் தண்ணீர்.
பாப்பாவைத் தோளிலும்
என் செருப்பைக் கையிலும் தூக்கி வந்தார்.'
"இது எதுக்குக்கா?"
"நடந்ததையெல்லாம் எழுதச் சொன்னீங்களே."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
நோட்டின் நடுப்பின்னை நகத்தால் நெம்பி
அந்தத் தாளை உருவினார்.
அதோடு ஒட்டிப் பிறந்த மறுபாதியும் வந்தது:
தட்டு சுழன்ற இரவு, தேதியோடு.

மடிப்பில் கிழித்தார்.
ஒன்றுக்கு மூன்று நகல் எடுக்கக்
கீழே ஆள் அனுப்பினார்.
மற்றதை என் பக்கம் நகர்த்தினார்.

டிபன் பைக்குள் வைத்தேன்.
அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி,
வியாழன்.
குறித்துக்கொண்டேன்.