பதினேழு மைக்ரான்

ஆய்வகத்துக் காகிதம் வந்த அன்று
அடுப்பில் பாலை மறந்தேன்.
பதினேழு புள்ளி இரண்டு மைக்ரான்.
தலைமுடியில் கால்வாசித் தடிமன்.
அண்டர்பெர்க் குளிரில் என் விரல்களுக்கு
அந்த எண் மட்டும் சூடாக இருந்தது.

மனிதருக்குப் பத்துப் பொருத்தம்.
அல்பாக்காவுக்கு நான் பதினொன்று பார்ப்பேன்.
கீழ்ப்பல் மேலீற்றில் சரியாகப் படிகிறதா,
முன்னங்கால் உள்வாங்குகிறதா,
விதை இரண்டும் ஒரே அளவா,
விலா நடுவில் ரோமத்தைப் பிளந்தால்
சுருள் அடித்தோல் வரை இறங்குகிறதா,
போன ஈற்றில் குட்டிக்குப் பால் போதியதா.
சாம்பலோடு வெள்ளையைச் சேர்க்காதே
என்பதும் பட்டியலில் இருந்தது,
என் கையெழுத்தில், கொட்டில் கதவின் உட்பக்கம்.

ஆனால் மூட்டம் நின்ற நிற்பு!
மழைக்கு முந்திய டிராகன்ஸ்பெர்க் நிறம் அவனுக்கு.
என் உப்போ வெள்ளை, பிசிறில்லாத வெள்ளை.
"எப்போதாவதுதான் அப்படிப் பிறக்கும்" என்றார்கள்.
எனக்கில்லை என்று
வாசித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அவனை எதிரே நிறுத்தினோம்.
உப்பு காதை மடித்துப் பச்சையாகத் துப்பினாள்,
அவன் முகத்தில் பாதி, என் சட்டையில் பாதி.
தொபேக்கா கைகொட்டிச் சிரித்தாள்: சினைதான்.
இதைவிடத் தெளிவான ரசீது
எந்த வங்கியிலும் வாங்கியதில்லை.

பதினோரு மாதமும் சொச்சமும்.
நவம்பரில், காலை ஒன்பதே முக்காலுக்கு,
நனைந்த துணிமூட்டை மாதிரி விழுந்தான்.
ஏழரைக் கிலோ. நாற்பது நிமிடத்தில் எழுந்தான்.
பல் சரி. கால் சரி.
தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"கண்ணைப் பாருங்க" என்றாள் தொபேக்கா.

நீலம்.

அவள் பின்பக்கமாகப் போய்
தகர வாளியை எட்டி உதைத்தாள்.
கொட்டிலில் முப்பது கழுத்தும் திரும்பின.
அவன் மடி தேடிக்கொண்டிருந்தான்.

உப்பு மூன்று நாள் ம்ம், ம்ம் என்று முனகினாள்.
நான்காம் நாள் நிறுத்திவிட்டாள்.
அன்றிலிருந்து மூக்கால் அவன் பிட்டத்தைத் தொடுவாள்:
ஒருமுறை தொட்டால் வா, இருமுறை என்றால் படு.
இது எந்தப் பட்டியலிலும் இல்லை.
ஜனவரியில் மலையில் இடி விழுந்தபோது
மந்தை முழுக்கக் கொட்டிலுக்கு ஓட
அவன் நடுப்புல்லில் தின்றுகொண்டு நின்றான்.
பாதிவழி ஓடிய உப்பு நின்றாள், திரும்பினாள்.
நானும் அதே பாதிவழியில்தான் இருந்தேன்,
ஆனால் அவள் முந்திவிட்டாள்.

கூப்பிட்டால் வராதவனுக்கு எதற்கென்று
பெயர் வைக்காமல் விட்டேன்.
தொபேக்கா கையை இரண்டு தரம் ஆட்டுவாள்.
வருகிறான்.

முதல் கத்தரிப்பு: பதினாறு புள்ளி ஒன்பது.
ப்ளூம்ஃபொன்டைனிலிருந்து ஒருவர் தொலைபேசினார்,
பொலிகடாவாக விலை பேச.
"காது கேட்காட்டி என்ன, மிஸஸ் படையாச்சி,
ரோமமா கேட்கப்போகுது?"
சிரித்தேன். நல்ல விலை,
டிராக்டரின் பாக்கித் தவணையெல்லாம் அடையும்.
ராத்திரி முழுக்க அந்தத் தொகை
கட்டிலைச் சுற்றி வந்தது.

விடிந்ததும் மருத்துவருக்குச் சொல்லியனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை வருகிறார், காயடிக்க.
பதிவேட்டில் அவன் வரிக்கு நேரே
"இவனோடு முடிகிறது" என்று எழுதினேன்.
ரோமத்தைத் தனிப்பையில் கட்டிவைத்திருக்கிறேன்;
இன்னும் யாருக்கும் விற்க மனம் வரவில்லை.

கதவுப் பட்டியலில் அந்த வரியை
சிவப்பு மையில் மறுபடி எழுதப் போனேன்.
அது
ஏற்கெனவே சிவப்பில்தான் இருந்தது.