மிச்சம்: ஒன்று

ஔலுவில் நவம்பர்; மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நெட்வொர்க் அட்டையை உருவிவிட்டாள் தூலிக்கி.
பச்சை விளக்கு அணைந்து
கேபிள் மேசைமேல் செத்துக் கிடக்கிறது.
கெர்னல் மட்டும் நம்பவில்லை.

பத்து நொடிக்கு ஒரு தரம் அதே வரி:
காத்திருக்கிறேன். இன்னும் யாரோ பிடித்திருக்கிறார்கள்.
எண்ணிக்கை: ஒன்று.

யார் அந்த ஒன்று?
சாக்கெட்டுகள் மூடிக்கொண்டன.
வழிகளின் அட்டவணை துடைத்தாயிற்று.
இன்டரப்ட் வந்து தட்டக்
கதவே இல்லை.
வரிசையில் நின்ற பொட்டலங்கள் போன இடம்
பொட்டலங்களுக்கே வெளிச்சம்.
ஆனாலும், ஒரு விரல் தொட்டிருக்கும் வரை
அந்த நினைவகத்தை அது
வேறு எவருக்கும் தராது.

நான்காவது காபி.
டிரைவரை அச்செடுத்துத் தரையில் பரப்பினாள்.
எடுக்கும் இடமெல்லாம் பென்சிலால் கூட்டல்,
விடும் இடமெல்லாம் கழித்தல்.
கூட்டல் பதினேழு.
கழித்தல், இரண்டு முறை எண்ணியும், பதினாறு.

அகப்பட்டது ஒரு கிளை:
மறுமுனை பதில் தராவிட்டால் திரும்பிவிடு.
திரும்புகிறது,
கையில் எடுத்ததை வைக்காமலே.
எழுதியது எவன் என்று தேடினாள்.
ஆறு வருடம் முன்பு, ஒரு பிப்ரவரி, அதிகாலை நாலு மணி.
அவளேதான்.
அன்டெரோ பெட்டிகளோடு லிஃப்டில் இறங்கிய வாரம்.

ஒரு வரி சேர்த்தாள். செருகினாள், உருவினாள்.
பத்து நொடி.
இருபது.
திரை வாய் திறக்கவில்லை.
கீழே பனி வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.

'பிழை வழியிலும் விட்டுவிட வேண்டும்' என்று
குறிப்பு எழுதினாள்.
அடியில் கையொப்பம் தானாக விழுந்தது:
தூலிக்கி ஹௌதாலா.
ஹௌதாலா அவனுடைய குடும்பப் பெயர்.

அது வேறொரு கோப்பு.
இதை அனுப்பினாள்.