வைப்பர் விழுந்த படங்கள்

உனலாஸ்காவில் கழுகைத் தேட வேண்டியதில்லை.
தபால் நிலையத்துக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் ஒன்று,
நண்டுக் கூண்டு அடுக்கின்மேல் மூன்று,
குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டபடி ஒன்று,
வால் மட்டும் வெளியே, வெள்ளையாய்.

கப்பலிலிருந்து இறங்கியவர்
முழங்கை நீள லென்ஸோடு கேட்டார்:
கழுகு எங்கே பார்க்கலாம்?
குனியுங்கள், என்றேன்.
ஜூன் மாதம். குஞ்சு பொரித்தவள் மண்டையைத்தான் குறிவைப்பாள்.
கடிதம் எடுக்கப் போனாலும்
துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிற ஊர் இது.

என்னிடம் இருப்பது போன்தான்.
ஆலை விட்டு மீன் வாடையோடு டிரக்கில் ஏறினால்
பானெட்டில் நனைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழடு.
ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும்,
வாடகை பாக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல.
கண்ணாடி வழியே எடுப்பேன்.
எல்லாப் படத்திலும் குறுக்கே வைப்பர்.

நேற்று அவர் தன் படங்களைக் காட்டினார்.
நீலம். விரித்த சிறகு. இறகு இறகாய் எண்ணலாம்.
அழகுதான்.
எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை.

என்னுடையதையும் கேட்டார்.
விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.
அலகில் என்ன அது?

மச்சினன் இன்னகெந்தியின் கையுறை.
இடது.
வலதுக்கு நாளை வரும்.