வெள்ளை நாடா

வரைபடத்தை நாலு துண்டாக அச்சடித்தேன்,
மண்ணடி ஜெராக்ஸ் கடையில், தாளுக்குப் பதினைந்து ரூபாய்.
ஒட்டிய இடத்தில் அறுகோணங்கள் பிசகின.
ஆறு ஒரு விரற்கடை விலகி ஓடியது.
"ஆறு அப்படித்தான்" என்றார் தாத்தா.
"மேப்புல ஒண்ணு, நேர்ல ஒண்ணு."

நாயக் மரியசூசை, சாப்பர்.
இடது காது எழுபத்தொன்று டிசம்பரில் மூடிக்கொண்டது.
அதனால் வலது காதை என் பக்கம் வைத்து
முக்காலியில் குறுக்காகத்தான் உட்காருவார்.
ஞாயிறு, பூசை முடிந்து, மீன் வாங்கி வைத்த பிறகு ஆட்டம்.
ஃபேன் போடக் கூடாது.
போட்டால் பட்டாலியனே கட்டிலுக்கடியில் போய்விடும்.
கொருக்குப்பேட்டைப் புழுக்கத்தில்
இரண்டு சேனைகளுக்காக வேர்த்துக் கொட்டினோம்.
அம்மா சமையலறையிலிருந்து எங்கள் இருவரையும்
ஒரே பெயர் சொல்லித் திட்டினாள்.

விதிப்புத்தகம் நாற்பத்திரண்டு பக்கம்.
படித்துப் படித்து நான்தான் தமிழில் சொல்வேன்.
அவர் தலையாட்டிக்கொண்டே வேறொன்று கேட்பார்:
"இவனுங்களுக்குத் தண்ணி யாரு குடுக்கறது?"
விதியில் தண்ணீர் இல்லை.
"அப்ப மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

கண்ணிவெடிக் கட்டத்தில்
பகடை ஒன்றோ இரண்டோ விழுந்தால்
அட்டையைத் திருப்பிப் போட வேண்டும்.
திருப்பினார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.
"முன்னாடி ரெண்டு பேரு நிக்கிறான். பின்னாடி ஒருத்தன்.
இன்னொருத்தன் எங்கடீ ஃபிலோ?"
பசை ஒட்டிய விரலை நைட்டியில் துடைத்தபடி
அது கணக்கு தாத்தா என்றேன்.
கன்டெய்னர் யார்டில் எண்ணி எழுதுகிறவள் நான்.
எனக்கு அது கணக்குதான்.

எப்போதும் எதிரிப் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்வார்.
பாவம் பார்க்க மாட்டார்.
என் டாங்குகளை ஆற்றங்கரையிலேயே எரித்தார்,
என் பீரங்கிகளுக்குப் போகும் சாலையை வெட்டினார்,
வெட்டிவிட்டு முறுக்கு கடித்தார்.

என் சாப்பர் அட்டை ஒன்றே ஒன்று.
தங்கையின் பாவாடை நாடாவை
வெடிக் கட்டங்களின் குறுக்கே நீட்டி
அதன்மேல் அதை ஊர விடுவேன்.
ஒன்பதாம் சுற்று, இரவு.
அவருடைய இயந்திரத் துப்பாக்கி இரண்டு கட்டம் தள்ளி.
விதி பதினாலு, மூன்றாம் பத்தி:
சுடலாம் என்றில்லை, சுட வேண்டும்.

"பாஸ்" என்றார்.

அடுத்த ஞாயிறும் பாஸ்.
மூன்றாவது ஞாயிறு விதியை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன்.
முக்காலியோடு திரும்பி
இடது காதை என்னிடம் காட்டினார்.

கேட் மூடி கூட்ஸ் வந்தது.
வீடு அதிர்ந்து அட்டைகள் மெல்ல நகர்ந்தன.
அந்தச் சத்தத்துக்குள்தான் சொன்னார்,
பாதி எனக்கு விழவில்லை:

"நாடாவைப் புடிச்சிக்கினு வயித்தால போயிட்டிருந்தோம்.
எனக்கு இருமல் வந்துடுச்சி.
துணியை வாயில அமுக்கினேன், நிக்கல.
அந்தாண்ட ஒருத்தன் இருமினான். ரெண்டு தபா.
வேணும்னே இருமினானோ, குளிரோ.
அவ்ளோதான்."

அப்புறம்?

"அப்புறம் இன்னா. வேலையைப் பாத்தோம்."

ஐம்பத்தெட்டு பெட்டிகள்.
பழக்கதோஷத்தில் எண்ணியிருந்தேன்.

கண்புரைக்காக அவர் ஸ்டான்லியில் படுத்த வாரம்
இரண்டு பக்கமும் நானே ஆடினேன்.
கட்டுப்போட்ட கண்ணோடு வார்டில் அவர் கேட்டது ஒன்றுதான்:
"என் டாங்கை எங்க நிறுத்தி வச்சிருக்க?"
வீட்டுக்கு வந்து, பகடையை எடுத்து,
அவர் முக்காலியில் குறுக்காக உட்கார்ந்தேன்.
ஒன்பதாம் சுற்று.
பாவாடை நாடாவில் என் அட்டை.
இரண்டு கட்டம் தள்ளி நான்.
விதிப்புத்தகம் திறந்தே கிடந்தது.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.
"இன்னாடி ரெண்டு தபா இருமற,
மிளகு தட்டிப் போட்டு வைக்கட்டா?"